கலாத்தா கோபுரத்தின் மதில் எங்கே போயிற்று?

கடல்மணி

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் கப்பல் துஸ்லா என்ற இடத்தில் டிரை டாக்கில், அதாவது பழுதுபார்க்கும் உலர் தளத்தில் நிற்கிறது. இன்னும் மூன்று வாரமாவது ஆகும் என்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை விடுப்பு கிடைத்ததால் இஸ்தான்புல் ஊருக்குள் போய் கலாத்தா கோபுரத்தைப் பார்த்துவிட்டு வந்தேன்.

மேலே மாடத்தில் நின்றால் பாஸ்பரஸ் ஜலசந்தி ஒரு பக்கம், பொற்கொம்பு என்கிற கடற்கழி ஒரு பக்கம், எதிர்க்கரையில் சுலைமானியே பள்ளிவாசல், கீழே பாலத்தில் வரிசையாகத் தூண்டில்காரர்கள். இருபது வருடமாகக் கடலில் இருக்கிறேன், ஒரு துறைமுகத்தை இவ்வளவு முழுசாக எந்த இடத்திலிருந்தும் பார்த்ததில்லை.

ஆனால் இறங்கி வந்த பிறகு ஒரு கேள்வி குடைந்துகொண்டே இருக்கிறது. இது ஒரு நகர மதிலின் காவல் கோபுரம் என்று படித்திருந்தேன். சுற்றிச் சுற்றி வந்தேன், மதில் என்று ஒரு கல் கூடக் கண்ணில் படவில்லை. நாலு பக்கமும் மாடி வீடுகள், காபிக் கடைகள். நடுவில் இது மட்டும் ஒற்றையாக நிற்கிறது. பக்கத்தில் ஒரு சுற்றுலாக் கூட்டத்துக்கு வழிகாட்டி ஒருவர் "528 இல் பேரரசர் அனஸ்தாசியஸ் கலங்கரை விளக்கமாகக் கட்டியது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கலங்கரை விளக்கம் என்றால் கடலோரத்தில் அல்லவா இருக்க வேண்டும், மேட்டின் உச்சியில் ஏன் கட்டினார்கள்?

தெரிந்தவர்கள் சொல்லுங்கள். மதில் எங்கே போயிற்று, இது மட்டும் எப்படித் தப்பித்தது?

ஏட்டுச்சுவடி

நல்ல கேள்வி கடல்மணி. முதலில் அந்த 528 ஐத் தள்ளிவிடுவோம். அனஸ்தாசியஸ் இறந்தது 518 இல். இறந்து பத்து வருடம் கழித்து ஒருவர் கோபுரம் கட்ட முடியாது. ஆனாலும் இந்த வரி பல பயணக் கையேடுகளில் அப்படியே திரும்பத் திரும்ப வருகிறது.

குழப்பத்துக்கு ஒரு காரணம் உண்டு. பைசாந்தியர்கள், அதாவது எதிர்க்கரையில் கான்ஸ்டான்டிநோபிளிலிருந்து ஆண்ட கிழக்கு ரோமானியர்கள் காலத்தில் கலாத்தா கரையில் உண்மையிலேயே ஒரு பெரிய கோபுரம் இருந்தது. மெகாலோஸ் பிர்கோஸ் என்று பெயர், பெரிய கோபுரம் என்றுதான் அர்த்தம். பொற்கொம்பின் வாயை அடைக்க ஒரு கனத்த இரும்புச் சங்கிலி போடுவார்கள், அதன் வடக்கு முனையைக் கட்டி வைத்த இடம் அது. நான்காம் சிலுவைப் போர்க்காரர்கள் 1203 இல் அந்தக் கோபுரத்தைப் பிடித்து, சங்கிலியை அறுத்துக்கொண்டு உள்ளே போனார்கள். அது இருந்த இடம் தண்ணீரோரம். இப்போது அங்கே யெரால்தி ஜாமி என்ற நிலத்தடிப் பள்ளிவாசல் இருக்கிறது, பழைய கோட்டையின் அடித்தளத்தில் அமைந்தது என்று கருதுகிறார்கள். நீங்கள் ஏறியது வேறு கோபுரம்.

நீங்கள் ஏறியதைக் கட்டியவர்கள் ஜெனோவாக்காரர்கள். இத்தாலியக் கடல் வணிகர்கள். வருடம் 1348. அவர்கள் வைத்த பெயர் கிறிஸ்தேயா துர்ரிஸ், கிறிஸ்துவின் கோபுரம்.

1267 இல் பைசாந்தியப் பேரரசர் எட்டாம் மிகேல் இவர்களுக்குக் கலாத்தாவில் குடியிருக்க இடம் கொடுத்தார். கொடுத்தபோது மதில் கட்டக் கூடாது என்பது நிபந்தனை. ஆனால் குடியிருப்பு பெருகப் பெருக அவர்கள் ஒவ்வொரு சாக்காகச் சொல்லி அகழி வெட்டினார்கள், வீடுகளை நெருக்கி வைத்துச் சுவராக்கினார்கள், அப்புறம் நேரடியாகவே மதில் எழுப்பினார்கள். கரையோரத்தில் தொடங்கிய மதில் மேட்டின் மேல் ஏறிக்கொண்டே வந்தது. மேட்டின் உச்சியைத் தொட்ட இடத்தில் வைத்த முடிச்சுதான் இந்தக் கோபுரம்.

காரணம் பணம். அந்தக் காலத்து வரலாற்றாசிரியர் நிகேஃபோரஸ் கிரெகோராஸ் எழுதி வைத்திருக்கிறார்: கலாத்தாவில் ஜெனோவாக்காரர்கள் வசூலித்த சுங்கம் வருடத்துக்கு 2,00,000 பொற்காசு, எதிர்க்கரையில் பேரரசருக்குக் கிடைத்தது வெறும் 30,000. தன் வீட்டு வாசலிலேயே குடிவைத்தவன் தன்னைவிட ஆறேழு மடங்கு சம்பாதிக்கிறான் என்றால் எந்த அரசன் பொறுப்பான்? அப்போதைய பேரரசர் ஆறாம் ஜான் கந்தகூசினோஸ் தன் பக்கத்துச் சுங்கத்தைக் குறைத்தார், கப்பல்கள் இந்தப் பக்கம் திரும்பட்டும் என்று. அதே 1348 இல் சண்டை மூண்டது. 1349 இல் பேரரசரின் புதுக் கப்பற்படை நாசமானது. கோபுரம் கட்டிய வருடத்தையும் சண்டை வந்த வருடத்தையும் சேர்த்துப் பாருங்கள், எதற்காகக் கட்டினார்கள் என்பது புரியும்.

வினோ87

இது புதுசு. நான் இதைத் துருக்கியர்கள் கட்டியது என்றே நினைத்திருந்தேன். அந்தக் கூம்புத் தொப்பியைப் பார்த்தால் ஏதோ மினாரா மாதிரித் தெரியும்.

கல்தச்சன்

வினோ, நீங்கள் சொன்ன அந்தக் கூம்பைப் பற்றித்தான் நான் எழுத வந்தேன். நான் கட்டடப் பொறியாளன், பழைய கற்கட்டடங்களில் கொஞ்சம் வேலை பார்த்திருக்கிறேன். மூன்று வருடத்துக்கு முன் இரண்டு தடவை இந்தக் கோபுரத்துக்குப் போய் நிதானமாகப் பார்த்தேன்.

அளவுகளைச் சொல்கிறேன். அடியில் வெளிவிட்டம் 16.45 மீட்டர். உள்விட்டம் 8.95 மீட்டர். கழித்துப் பாதியாக்கினால் சுவரின் கனம் 3.75 மீட்டர் வரும். ஒரு சராசரி படுக்கையறையின் அகலத்தைவிடக் கனமான சுவர். உச்சி அலங்காரத்தை விட்டுவிட்டால் மொத்த உயரம் 62.59 மீட்டர், மாடம் இருப்பது 51.65 மீட்டரில். கோபுரத்தின் காலடியே கடல் மட்டத்திலிருந்து 35 மீட்டர் மேலே. அதனால்தான் கடல்மணி பார்த்த அந்தக் காட்சி.

இதில் முழுக்க முழுக்க ஜெனோவா வேலை எவ்வளவு என்றால், கீழே மூன்று மாடி வரைதான். அதற்கு மேல் பிறகு ஆண்ட ஒட்டோமான் துருக்கியர் காலத்துத் திருப்பணி. வெளியே நின்று பார்த்தாலே ஜன்னல்களின் அமைப்பு மாறுவது தெரியும்: கீழே ஒடுக்கமான துளைகள், மேலே போகப் போக வளைவு வைத்த அகலமான ஜன்னல்கள். சண்டைக்குக் கட்டிய பகுதியும் வேடிக்கை பார்க்கக் கட்டிய பகுதியும் ஒரே சுவரில் ஒன்றின் மேல் ஒன்றாக உட்கார்ந்திருக்கின்றன.

காரணம், இது பட்ட அடிகள். 1509 நிலநடுக்கத்தில் சேதம். 1794 இல் தீ, சுல்தான் மூன்றாம் செலிம் காலத்தில் சரிசெய்தார்கள். 1831 இல் மறுபடி தீ, இரண்டாம் மஹ்மூத் மேலே மாடிகளைச் சேர்த்துக் கூம்புக் கூரையும் வைத்தார். 1875 இல் ஒரு புயல் அந்தக் கூரையைப் பிடுங்கி எறிந்தது. அதற்குப் பிறகு ஏறக்குறைய 90 வருடம் இது கூம்பு இல்லாமல், தலையில் சின்ன மரக்கூண்டு மாதிரி அறைகளோடு நின்றது. அந்தக் காலத்துப் பழைய போட்டோக்களைத் தேடிப் பாருங்கள், அடையாளமே தெரியாது. இப்போது சாவிக்கொத்திலும் காந்த வில்லையிலும் விற்கிற கூம்பு 1965 முதல் 1967 வரை நடந்த திருப்பணியில் வைத்தது. உள்ளே மரத் தளங்களுக்குப் பதிலாகக் கான்கிரீட் போட்டதும் அப்போதுதான்.

எனக்கு இதில் குறையொன்றும் இல்லை. ஒரு கட்டடம் 670 வருடம் நிற்கிறது என்றால் அது மாறாமல் நிற்காது. ஆனால் கூம்பைப் பார்த்து இடைக்காலம் என்று மயங்க வேண்டாம், கண்ணைக் கீழே இறக்குங்கள். அடிச்சுவரில் கை வைத்தால் கரடுமுரடான கல், இடையில் தடித்த சுண்ணாம்புச் சாந்து. அதுதான் 1348.

பூஸ்பரஸ்_கீதா

நான் இந்த ஊரில் ஒன்பது வருடமாக இருக்கிறேன், கோபுரத்திலிருந்து நடக்கிற தூரத்தில் வீடு. கடல்மணி அண்ணா, உங்கள் முதல் கேள்விக்கு யாரும் இன்னும் பதில் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். மதில் எங்கே போயிற்று என்றால், நீங்கள் அதன் மேல்தான் நடந்திருக்கிறீர்கள்.

கோபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு தெரு ஷிஷ்ஹானே பக்கமாகப் போகும். தெருப் பலகையில் பூயூக் ஹெந்தெக் என்று எழுதியிருக்கும். ஹெந்தெக் என்றால் அகழி. பூயூக் என்றால் பெரிய. பெரிய அகழித் தெரு! அதற்குக் கொஞ்சம் தள்ளி கூச்சூக் ஹெந்தெக், சின்ன அகழித் தெரு. தோப்ஹானே பக்கம் இறங்கினால் லூலெஜி ஹெந்தெக், புகைக்குழாய்க்கு மண் கிண்ணம் செய்கிறவர்களின் அகழி. இந்த மூன்று பெயரையும் ஒரு வரைபடத்தில் பென்சிலால் இணைத்தால் நிலப்பக்க மதிலின் கோடு வந்துவிடும்.

நான் வந்த புதிதில் துருக்கி மொழி தெரியாது. காய்கறிக் கடைக்குப் போகிற வழி என்றுதான் அந்தத் தெரு எனக்குப் பழக்கம். மொழி வகுப்பில் ஒரு நாள் ஹெந்தெக் என்ற சொல் வந்தது, டீச்சர் கரும்பலகையில் கோட்டையும் பள்ளமும் வரைந்து காட்டினார். அன்றைக்குச் சாயந்திரம் வீட்டுக்கு வரும்போது தெருப் பலகைக்குக் கீழே நின்று கொஞ்ச நேரம் நகராமலே பார்த்துக்கொண்டிருந்தேன். வருடக்கணக்காக அகழிக்குள் நடந்து போய்த் தக்காளி வாங்கியிருக்கிறேன்.

இடித்தது 1860களில். 1857 இல் இந்தப் பகுதிக்கென்று தனி நகராட்சி வந்தது, ஆறாம் வட்டம் என்று பெயர். ஊர் மதிலுக்கு வெளியே மேட்டின் மேல் பேரா என்ற பகுதிப் பக்கம் பெருகிவிட்டது, மதில் நடுவில் நின்று வழியை அடைத்தது. வண்டி போக வழியில்லை, அகழியில் குப்பை. 1864 வாக்கில் மதிலை இடித்து, அகழியைத் தூர்த்து, தெருவாகவும் மனையாகவும் ஆக்கினார்கள்.

வினோ87

கீதா அக்கா, படிக்கவே கஷ்டமாக இருக்கிறது. 500 வருட மதிலை மனை போட்டு விற்றுவிட்டார்களா? கட்டியவர்கள் வேறு நாட்டவர், வேறு மதம் என்பதால்தான் இந்த அலட்சியம் என்று தோன்றுகிறது.

ஏட்டுச்சுவடி

வினோ, அப்படி முடிவு கட்ட வேண்டாம். அதே காலத்தில் வியன்னாவில் என்ன நடந்தது? 1857 டிசம்பரில் பேரரசர் பிரான்ஸ் ஜோசப் தன் சொந்த நகரத்தின் மதிலை இடிக்க ஆணை போட்டார், அந்த இடத்தில்தான் இன்றைய ரிங் சாலை வந்தது. அங்கே மதமும் ஒன்று, ஆட்சியும் ஒன்று. பீரங்கி பலமான பிறகு பழைய மதிலால் ஊரைக் காக்க முடியாது, அகழி இருந்த நிலத்துக்கோ நல்ல விலை. ஐரோப்பாவில் எத்தனையோ ஊர்களில் இதே கணக்குதான்.

அலட்சியம் என்று சொன்னால் 1453 ஐயும் பார்க்க வேண்டும். ஒட்டோமான் சுல்தான் இரண்டாம் மெஹ்மெத் கான்ஸ்டான்டிநோபிளை முற்றுகையிட்டபோது கலாத்தா நடுநிலை என்று சொல்லிக்கொண்டது. ஆனால் ஜெனோவாவிலிருந்து வந்த ஜியோவான்னி ஜுஸ்தினியானிதான் எதிர்க்கரையில் நிலப்பக்க மதிலைக் காத்த தளபதி. ஏப்ரல் 22 அன்று மெஹ்மெத் பாஸ்பரஸிலிருந்து எழுபதுக்கு அருகில் கப்பல்களைத் தரைவழியாக இழுத்து, கலாத்தா மேட்டின் பின்புறமாகக் கொண்டுபோய்ப் பொற்கொம்பில் இறக்கினார். சங்கிலி போட்டிருந்த வாயை அவர் தொடவே இல்லை. அன்றைக்கு இந்தக் கோபுரத்தின் மேல் காவல் நின்றவன் கப்பல்கள் மலையேறி வருவதைக் கண்ணால் பார்த்திருப்பான். கீழே குடியிருப்பில் யாருக்கும் வாயைத் திறக்க முடியாத நிலைமை.

ஊர் விழுந்த மூன்றாம் நாள், ஜூன் 1 அன்று, கலாத்தாக்காரர்களுக்கு ஓர் உடன்படிக்கைப் பத்திரம் கிடைத்தது. கிரேக்க மொழியில் எழுதியது, இப்போது பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. உயிருக்கும் உடைமைக்கும் பாதுகாப்பு, தேவாலயங்களை வைத்துக்கொள்ளலாம், ஆனால் மணி அடிக்கக் கூடாது. நிலப்பக்க மதிலில் சில பகுதிகளை இடிக்கச் சொன்னார் சுல்தான். முழுவதையும் இடிக்கவில்லை. அதற்குப் பிறகு 400 வருடம் அந்த மதில் ஒட்டோமான் ஆட்சியில்தான் நின்றது. 1530களில் ஒட்டோமான் ஓவியர் மத்ராக்சி நாசூஹ் வரைந்த ஓவியத்தில் கலாத்தா மதிலோடும் நடுவில் கோபுரத்தோடும் அழகாக இருக்கிறது.

கடல்மணி

ஏட்டுச்சுவடி சார், அந்தக் காவல்காரன் விஷயம் மனதில் நின்றுவிட்டது. நான் ஏறிய அதே கோபுரத்தில் ஒருவன் நின்று, தரையில் கப்பல் ஓடுவதைப் பார்த்திருக்கிறான். கப்பல்காரனாகச் சொல்கிறேன், அன்றைக்கு அவன் வயிறு என்ன பாடு பட்டிருக்கும்!

ஆனால் இரண்டாவது கேள்வி அப்படியே இருக்கிறது. மதிலை இடித்தவர்கள் கோபுரத்தை ஏன் விட்டுவைத்தார்கள்?

நடைபயணி_ரஃபி

ஹெசார்ஃபென் அஹமத் செலபி பறந்த கோபுரம் என்பதால் இருக்கலாமே. 17 ஆம் நூற்றாண்டில், சுல்தான் நான்காம் முராத் காலத்தில், இறக்கை கட்டிக்கொண்டு இதன் உச்சியிலிருந்து குதித்து, பாஸ்பரஸைத் தாண்டி அக்கரையில் உஸ்குதாரில் தோகான்ஜிலாரில் போய் இறங்கினார். சுல்தான் ஒரு பை பொன் கொடுத்து, பிறகு பயந்துபோய் அல்ஜீரியாவுக்கு நாடு கடத்திவிட்டார். எனக்கு இந்தக் கோபுரம் என்றாலே அவர்தான். பள்ளிக்கூட வயதில் படித்தது, இன்றைக்கும் நினைத்தால் சிலிர்க்கும்.

கல்தச்சன்

ரஃபி பாய், எனக்கும் பிடித்த கதைதான். ஆனால் கணக்கு இடிக்கிறது. மாடம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 87 மீட்டர். தோகான்ஜிலார் மூன்றே கால் கிலோமீட்டருக்கு மேல். அதாவது ஒரு மீட்டர் கீழே இறங்குவதற்குள் 38 மீட்டர் முன்னே போயிருக்க வேண்டும். இன்றைய நல்ல ஹாங் கிளைடர் கூட 15 அல்லது அதற்குக் கொஞ்சம் மேல்தான் போகும். இறங்கிய இடமும் கடற்கரை இல்லை, அதுவும் மேடு. நல்ல மேல்காற்று கிடைத்திருந்தால் கூட மரமும் துணியும் கட்டிய இறக்கையில் இது நடக்காது.

ஏட்டுச்சுவடி

கூடவே, இதைச் சொல்கிறவர் ஒரே ஒருவர், பயணி எவ்லியா செலபி. இவ்வளவு பெரிய சம்பவத்தை அரண்மனைக் குறிப்புகளோ அன்று ஊரில் இருந்த வெளிநாட்டுத் தூதர்களோ யாரும் எழுதவில்லை. எவ்லியா அற்புதமான கதைசொல்லி, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

நடைபயணி_ரஃபி

சரி, பறக்காமல் இருக்கட்டும். ஆனால் எவ்லியா அந்தக் கதைக்கு இந்தக் கோபுரத்தைத் தேர்ந்தெடுத்தாரே, அது உண்மைதானே? ஊரில் எந்த மூலையில் நின்று அண்ணாந்தாலும் தெரிகிற இடம் இது. ஒருவன் பறக்க ஆசைப்பட்டால் இங்கிருந்துதான் பறப்பான் என்று ஊரே ஒப்புக்கொள்கிற இடம். ஆளைப் பற்றி அது ஒன்றும் சொல்லாவிட்டாலும் கோபுரத்தைப் பற்றிச் சொல்கிறது.

கல்தச்சன்

அதை ஒப்புக்கொள்கிறேன் பாய். அழகாகச் சொன்னீர்கள்.

பூஸ்பரஸ்_கீதா

கடல்மணி அண்ணாவின் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். எனக்குத் தெரிந்த பதில் ஒன்றுதான்: அதற்கு வேலை இருந்தது.

மதிலுக்கு 1453 லேயே வேலை போய்விட்டது. கோபுரத்துக்குப் போகவில்லை. 16 ஆம் நூற்றாண்டில் காசிம்பாஷா கப்பல் தளத்தில் வேலை வாங்கிய போர்க் கைதிகளை இதில் அடைத்து வைத்தார்கள். பிறகு பண்டகசாலை. அப்புறம் 1717 இலிருந்து தீக்காவல். அதுதான் இதைக் காப்பாற்றியது என்று நான் நம்புகிறேன்.

அந்தக் காலத்து இஸ்தான்புல் மர வீடுகளின் ஊர். ஒரு அடுப்பில் பொறி பறந்தால் பேட்டையே போய்விடும். அதனால் மேலே இரவு பகலாக ஆட்கள் உட்கார்ந்து நாலா பக்கமும் புகை தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பார்கள். கண்டதும் முதலில் பெரிய முரசை அடிப்பார்கள். பிற்காலத்தில் பகலில் கூடை கட்டித் தூக்குவார்கள், இரவில் விளக்கு. கோஷ்க்லூ என்று ஓட்டக்காரர்கள் இருந்தார்கள், எந்தப் பேட்டையில் தீ என்று தெரிந்ததும் "யாங்கின் வார்!" என்று கத்திக்கொண்டே தெருத்தெருவாக ஓடுவார்கள். தீ பிடித்தது என்று அர்த்தம். அதைக் கேட்டதும் பேட்டைப் பையன்கள் தோளில் கைப் பம்பைத் தூக்கிக்கொண்டு கிளம்புவார்கள். எதிர்க்கரையில் பெயாசித்தில் இதற்கென்றே 1828 இல் இன்னொரு கோபுரம் கட்டினார்கள். இரண்டும் இரண்டு கரையிலிருந்து ஊரைப் பார்த்துக்கொண்டிருந்தன.

இப்போது 1864 ஐ யோசித்துப் பாருங்கள். மதிலை இடிக்க வந்தவனும் மர வீட்டில்தான் குடியிருக்கிறான். ராத்திரி அவன் பிள்ளைகள் தூங்கும்போது யாரோ மேலே விழித்திருக்கிறார்கள் என்ற தைரியத்தில்தான் அவனும் தூங்குகிறான். அந்தக் கோபுரத்தில் கடப்பாரை வைப்பானா? 1960கள் வரைக்கும் தீ பார்க்க ஆள் இருந்தார்கள். எங்கள் கட்டடத்தில் கீழ் வீட்டுப் பாட்டிக்கு எண்பதுக்கு மேல் வயது. சின்ன வயதில் தூக்கம் வராத ராத்திரிகளில் ஜன்னல் வழியாகக் கோபுரத்து உச்சியில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் படுப்பாராம். பாட்டி அதைச் சொல்லும்போது கை தானாக ஜன்னல் பக்கம் போகும். இப்போது அந்த ஜன்னலுக்கு எதிரே ஹோட்டல் கட்டடம் ஒன்று மறைத்துக்கொண்டு நிற்கிறது.

வினோ87

இதற்கு என்னிடம் மறுபேச்சு இல்லை அக்கா. என் கோபத்தை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஆனாலும் மதிலில் கொஞ்சமாவது விட்டிருக்கலாம்.

ஏட்டுச்சுவடி

வினோ சொல்வதில் எனக்கு உடன்பாடு உண்டு. வேலை இருப்பதைத்தான் காப்பாற்ற வேண்டும் என்றால் பாதிப் பழமை போய்விடும். இடித்தபோது மதிலில் பதித்திருந்த ஜெனோவாச் சின்னக் கற்கள் சிலவற்றை எடுத்து வைத்தார்கள், அவை தொல்லியல் அருங்காட்சியகத்துக்குப் போயின. நல்லதுதான். ஆனால் மதிலில் இருந்த கல் அருங்காட்சியகத்தில் படுத்திருந்தால் அது எந்த வாசலுக்கு மேலே நின்றது, யாரைப் பார்த்து நின்றது என்பது போய்விடுகிறது.

முழு மதிலின் நீளம் மூன்று கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. உள்ளேயும் குறுக்கு மதில்கள் ஓடின, குடியிருப்பு விரிய விரிய ஒவ்வொன்றாகக் கட்டியவை. இன்றைக்குத் துண்டு துண்டாகத்தான் மிச்சம், பெரும்பாலும் கடைகளுக்குப் பின்சுவராக. ஜெனோவாக்காரர்களின் நிர்வாக மாளிகை 14 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டியது, அதன் பின்பக்கம் மட்டும் வங்கித் தெருவுக்கு அருகில் இன்னும் இருக்கிறது. டொமினிக்கன் துறவிகளின் தேவாலயம் இன்றைக்கு அராப் ஜாமி பள்ளிவாசல், அதன் சதுர மணிக்கூண்டே இப்போது மினாரா. கடல்மணி, உங்களுக்கு இன்னொரு ஞாயிற்றுக்கிழமை கிடைத்தால் கோபுரத்தில் ஏறாதீர்கள். கீழே நடங்கள்.

கல்தச்சன்

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லாமல் போக முடியவில்லை. 2020 ஆகஸ்டில், திருப்பணி நடந்தபோது, உள்ளே ஒரு சுவரைச் சுத்தியல் டிரில் வைத்து உடைக்கிற வீடியோ ஒன்று வெளியே வந்து பெரிய சர்ச்சையானது. உடைத்தது அசல் சுவர் இல்லை, பின்னாளில் சேர்த்தது என்று அரசுத் தரப்பில் சொன்னார்கள். அதே வருடம் அக்டோபரில் அருங்காட்சியகமாகத் திறந்துவிட்டார்கள்.

பின்னாளில் சேர்த்ததாகவே இருக்கட்டும். என் தொழிலில் முதலில் கற்றுக்கொடுப்பது இதுதான்: பழைய சுண்ணாம்புச் சாந்தில் அதிர்வு போகும் தூரம் கண்ணுக்குத் தெரியாது. புதுச் சுவரில் டிரில் வைத்தால் ஒட்டி நிற்கிற பழைய சுவரில் சாந்து உள்ளுக்குள் பொடியாகும். உளியும் கைச்சுத்தியும் வைத்து ஒவ்வொரு கல்லாகப் பிரிக்க வேண்டும். மூன்று நாள் வேலைக்கு மூன்று வாரம் ஆகும், ஆகட்டும். நான் வேலை பார்த்த ஒரு பழைய கட்டடத்தில், பெயர் வேண்டாம், மேற்பார்வையாளர் அவசரப்பட்டு மெஷினை இறக்கினார். பக்கத்துச் சுவரில் மறுநாள் காலையில் விரல் நுழைகிற விரிசல். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

நடைபயணி_ரஃபி

கீதா அக்கா சொன்ன வேலைக் கணக்குப்படி பார்த்தால், இப்போது கோபுரத்தின் வேலை டிக்கெட் வாங்கிக் காட்சி காட்டுவது. அது அதைக் காப்பாற்றும் என்று நினைக்கிறீர்களா, தேய்த்துவிடும் என்று நினைக்கிறீர்களா?

பூஸ்பரஸ்_கீதா

இரண்டும் நடக்கும் ரஃபி. இவ்வளவு கூட்டம் ஏறி இறங்கினால் படி தேயும். ஆனால் இந்த ஊரில் நிலநடுக்க பயம் எப்போதும் உண்டு, பலப்படுத்தும் வேலைக்குக் காசு வேண்டும், அந்தக் காசு டிக்கெட்டிலிருந்துதான் வரும். எனக்கு இருக்கிற ஒரே வருத்தம், ஏறுகிற ஆட்கள் எல்லோரும் தூரத்தைத்தான் பார்க்கிறார்கள். மாடத்தில் நின்று நேர் கீழே குனிந்து பார்த்தால் பூயூக் ஹெந்தெக் ஒரு பக்கம் வளைந்து போவது தெரியும், அந்த வளைவுதான் மதில். ஒரு சின்னப் பலகை வைத்து அந்தக் கோட்டைக் காட்டினால் போதும். ஐந்து நிமிடத்தில் ஊரே புரிந்துவிடும்.

கடல்மணி

பன்னிரண்டு நாள் கழித்து எழுதுகிறேன். நேற்று விடுப்பு கிடைத்தது, ஏட்டுச்சுவடி சார் சொன்னபடி கோபுரத்தில் ஏறவில்லை. கீதா தங்கச்சி தனிச் செய்தியில் வழி சொல்லியிருந்தார், யானிக்கபி என்ற இடத்தைத் தேடச் சொன்னார். எரிந்த வாசல் என்று அர்த்தமாம்.

கோபுரத்தடியிலிருந்து புறப்பட்டேன். பூயூக் ஹெந்தெக் பலகையைப் பார்த்ததும் நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொண்டேன். தெரு லேசாகச் சரிகிறது, போன தடவை காலுக்குத் தெரியாத சரிவு இந்தத் தடவை தெரிந்தது. ஷிஷ்ஹானே தாண்டி, இறக்கத்தில் அசாப்கபி பக்கம் போனால் முழுக்க இரும்புக் கடைகள். போல்ட், நட்டு, வால்வு, சங்கிலிச் சுருள், பம்ப் உதிரிகள். கப்பல்காரனுக்கு அது சொந்த ஊர் மாதிரி. கேஸ்கெட் வாசனை. ஒரு கடைக்காரரிடம் யானிக்கபி என்று கேட்டேன், கையில் ஸ்பானரோடு வெளியே வந்து சந்தைக் காட்டினார்.

சந்தில் ஒரு பழைய வளைவு. கல்லும் செங்கல்லும் கலந்த சுவர், உயரம் பெரிதாக இல்லை. ஓரத்தில் சாக்கு மூட்டைகளும் ஒரு கைவண்டியும் இருந்தன. வளைவுக்கு மேலே அண்ணாந்து பார்த்தால் ஒரு பளிங்குப் பலகை. நடுவில் ஜெனோவாவின் சிலுவை. இரண்டு பக்கமும் இரண்டு குடும்பச் சின்னங்கள், தோரியா, தே மெரூதே என்று பிறகு தெரிந்துகொண்டேன். மழையும் புகையும் பட்டுப் பலகை கறுத்திருக்கிறது, ஆனால் செதுக்கிய விளிம்பு இன்னும் மழுங்கவில்லை. அருங்காட்சியகத்துக்குப் போகாமல் தன் வாசலுக்கு மேலேயே இருக்கிறது, கீழே ஆட்கள் உள்ளேயும் வெளியேயும் போய்க்கொண்டே இருக்கிறார்கள்.

சுவரில் கை வைத்துப் பார்த்தேன். கல்தச்சன் சார் சொன்ன அதே கரடு, அதே தடித்த சாந்து. ஒரு பையன் தலையில் பித்தளைக் குழாய்க் கட்டோடு "வழி, வழி" என்கிற மாதிரி ஏதோ சத்தம் போட்டுக்கொண்டு வந்தான், நான் ஒதுங்கினேன். வளைவுக்குள் குனிந்து போய்விட்டான்.

வியாழக்கிழமை கப்பல் தண்ணீரில் இறங்குகிறது. போட்டோக்களை நாளைக்கு இங்கேயே போடுகிறேன். கீதா தங்கச்சி, அந்தப் பாட்டிக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.